அமெரிக்க இன்ஜின் இருந்தால் அது போலி இத்தாலியக் காரா?

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது, உள்ளே அமெரிக்க இன்ஜினோ ஜெர்மன் மோட்டார் சைக்கிளின் இன்ஜினோ இருந்தால், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறார். பழங்கார்களின் அடையாளத்தை ஆராய்ந்து அறிக்கை தரும் தொழிலில் நான் அதிகம் எதிர்கொள்ளும் தவறான முடிவு இதுதான். சேகரிப்பாளர்கள் எட்செட்டரினி என்று செல்லமாக அழைக்கும் சிறு பட்டறைக் கார்களில், ஒட்டாததுபோல் தெரியும் பாகம் பல சமயம் அசலாக இருக்கிறது. பார்த்ததும் திருப்தி தரும் பாகமோ முப்பது ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்ததாக இருக்கிறது.

இந்தக் கார்கள் ஏன் அப்படி உருவாயின என்பது தெரியாமல் இவற்றைச் சோதிக்க முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் புதிதாக இன்ஜின் வார்க்கும் வசதி சிறு பட்டறைகளுக்குக் கிடையாது. கைக்கு எட்டியது ஃபியட்டின் பாகங்கள்தாம். 1936இல் வந்த டோபோலினோவில் 569 சி.சி. இன்ஜின்; 1937இல் வந்த, பிறகு ஃபியட் 1100 என்று பெயர் பெற்ற 508சி காரில் 1089 சி.சி. இன்ஜின். பந்தயங்களிலோ 750 சி.சி., 1100 சி.சி. என்று சிறு கார்களுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன. டூரினில் சிசிட்டாலியா, சியாட்டா, நார்டி, மொடேனாவில் ஸ்டாங்குவெல்லினி, ஃபுளோரன்ஸில் எர்மினி, ஃபோர்லியில் பண்டினி, டெராமோவில் டராஸ்கி என்று ஊருக்கு ஒருவராகக் கிளம்பி, ஃபியட் பாகங்களைத் தங்கள் சட்டகத்தில் ஏற்றிப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். 1946இல் பியரோ டூசியோவின் சிசிட்டாலியா டி46, ஃபியட்டின் பொறியாளர் டான்டே ஜியாகோசா வரைந்த சட்டகத்தில், 1100 இன்ஜினுடனும் ஃபியட் பாகங்களிலிருந்து எடுத்த சஸ்பென்ஷனுடனும் வந்து, டூரினில் நடந்த கோப்பா பிரெஸ்ஸி பந்தயத்தை முதல் முயற்சியிலேயே வென்றது. அதற்கும் முன்னால், ஆல்ஃபா ரோமியோவிலிருந்து விலகியபின் சொந்தப் பெயரில் கார் செய்ய முடியாத நிலையில் இருந்த என்சோ ஃபெராரி, 1940இல் ஆட்டோ ஆவியோ கோஸ்ட்ருசியோனி 815 என்ற பெயரில் இரண்டு கார்களைச் செய்தார். அவற்றின் எட்டு சிலிண்டர் இன்ஜினின் மேலே இருந்தவை ஃபியட் 1100இன் இரண்டு ஹெட்டுகள், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடிகள். ஃபெராரியே அப்படித்தான் தொடங்கினார் என்றால் மற்றவர்களைச் சொல்லவா வேண்டும்?

ஃபியட் 1100 நம் மெக்கானிக்குகளுக்கும் அந்நியம் இல்லை. மும்பையில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பத்மினியின் இன்ஜினும் அதே 68 மி.மீ. சிலிண்டர் விட்டமும் 75 மி.மீ. பிஸ்டன் நகர்வும் கொண்ட 1089 சி.சி. இன்ஜின்தான். இந்த நீண்ட ஆயுளே ஆராய்கிறவனுக்குத் தொல்லையாகிவிடுகிறது. 1948ஆம் ஆண்டுக் கார் என்று சொல்லப்படும் ஒன்றில் பிற்கால 1100 இன்ஜினை ஏற்றினால், வெளிப்பார்வைக்கு யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது அமெரிக்க இன்ஜினுக்கு வருவோம். சின்சினாட்டியில் வானொலிப் பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் செய்து பணக்காரரான பவல் கிராஸ்லி, சிறிய மலிவான கார் ஒன்றை அமெரிக்கர்களுக்கு விற்க ஆசைப்பட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் விற்ற கார்களின் முதல் இன்ஜின், எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, செம்பால் பற்றவைத்துச் செய்த விசித்திரம். போர்க்காலத்தில் ஜெனரேட்டர்களை ஓட்டுவதற்குப் பயன்பட்டது. கார்களில் அது அரித்துப்போய்த் தொல்லை கொடுத்ததால் 1949இல் வார்ப்பிரும்பு பிளாக்குக்கு மாறினார்கள். கார் விற்பனை 1952இல் நின்றுபோனது. ஆனால் அந்தச் சிறு இன்ஜினில் இத்தாலியர்கள் தேடிய அத்தனையும் இருந்தது. அளவு சுமார் 720 சி.சி. என்பதால் 750 பிரிவுக்குள் அடங்கியது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருந்தது. டோபோலினோவின் கிராங்க்கை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் அச்சை, இரண்டு பேரிங்குகள் தாங்கிய இடத்தில் இதன் கிராங்க்கை ஐந்து பேரிங்குகள் தாங்கின; அதிக வேகத்தில் சுழற்றினாலும் தாக்குப்பிடித்தது. ஃபோர்லியின் இலாரியோ பண்டினி இந்த அடித்தளத்தின் மேல் தானே வடிவமைத்த இரட்டை கேம் அலுமினிய ஹெட்டை வைத்து, அமெரிக்கச் சிறு கார்ப் பந்தயங்களில் பெயர் வாங்கிய கார்களைச் செய்தார். சியாட்டாவின் 300பிசி காரும் ஃபியட் 1100 இன்ஜினோடும் கிராஸ்லி இன்ஜினோடும் கிடைத்தது. ஆகவே பண்டினியிலோ சியாட்டாவிலோ கிராஸ்லி பிளாக் இருப்பது மட்டும் எதையும் கெடுத்துவிடாது. நார்டி, டேனீஸ் இருவரும் சேர்ந்து செய்த காரிலும், டராஸ்கியின் யுரானியாவிலும் பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிளின் 750 சி.சி. இன்ஜின் இருப்பதும் அப்படியே.

அப்படியானால் எதை நம்பிச் சொல்வது? இன்ஜினைப் பார்ப்பதைவிட, இன்ஜின் சட்டகத்தோடு சேரும் இடத்தைப் பார்ப்பது எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. காரோடு பிறந்த இன்ஜினாக இருந்தால் அதைத் தாங்கும் பிராக்கெட்டுகள் சட்டகக் குழாய்களோடு ஒரே கையால் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய கேஸ் வெல்டிங்கின் தடம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். பெயின்ட் அடுக்குகளும் இரண்டிலும் ஒரே வரிசையில் இருக்கும். பின்னால் மாற்றியதாக இருந்தால், அருகிலேயே அறுத்துத் தேய்த்த பழைய பிராக்கெட்டின் தழும்பு பெரும்பாலும் கிடைக்கும். காற்றால் குளிரும் மோட்டார் சைக்கிள் இன்ஜினோடு பிறந்ததாகச் சொல்லப்படும் காரின் முன்பகுதியில், பெயின்ட்டுக்கு அடியில் ரேடியேட்டர் தாங்கிகள் இருந்தால், விற்பவர் அதற்கு விளக்கம் சொல்லத்தான் வேண்டும். கிராஸ்லி இன்ஜினுக்குப் பின்னால் ஃபியட் கியர்பாக்ஸ் இருந்தால் இரண்டையும் சேர்க்கும் இடைத்தட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன். கணினி இயந்திரத்தில் வெட்டிய பளபளப்பான விளிம்பு 1950இன் ஃபோர்லியிலிருந்து வந்திருக்காது.

அடுத்து எண்கள். ஃபியட் சட்டகத்தை எடுத்து மாற்றிய கார்களில் ஃபியட்டின் சேஸிஸ் எண்ணே தொடர்ந்திருப்பது உண்டு. பதிவேட்டில் அந்தக் கார் வெறும் ஃபியட் 1100 என்று இருப்பதும் உண்டு. இதைப் பார்த்துவிட்டுப் போலி என்று ஒதுக்கியவர்களும் இருக்கிறார்கள். இதே காரணத்தைச் சொல்லி சாதாரண ஃபியட் ஒன்றை அரிய காராக விற்க வந்தவர்களும் இருக்கிறார்கள். எனவே எண்ணைத் தனியாக நம்பாமல், இத்தாலியின் பொது வாகனப் பதிவேடான பிஆர்ஏவில் அந்த எண்ணுக்கு உரிய உரிமையாளர் வரிசையைப் பெற்று, பழைய பந்தயப் பதிவுகளோடும் புகைப்படங்களோடும் ஒப்பிட வேண்டும். அந்தக் கால நம்பர் பிளேட்டில் மாகாணத்தின் குறி இருக்கும்: ஃபோர்லிக்கு எஃப்ஓ, மொடேனாவுக்கு எம்ஓ. காரின் கதையும் பிளேட்டின் மாகாணமும் பொருந்தாவிட்டால், கார் எப்போது இடம் மாறிப் பதிவானது என்று கேட்பதில் தவறில்லை.

பேட்ஜையும் ஸ்டீயரிங்கையும் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நார்டியின் மரப்பிடி ஸ்டீயரிங் உலகமெங்கும் கடையில் விற்றது. அதை மாட்டிய கார்கள் எல்லாம் நார்டி என்றால் உலகில் நார்டிக்குப் பஞ்சமே இருக்காது. உடலின் அலுமினியத் தகடு வேறு விஷயம். கையால் தட்டிச் செய்த உடலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் துல்லியமாக ஒத்துப்போவது அரிது. உட்புறத்தில் சுத்தியல் தடமும், மோதிச் சரிசெய்த இடங்களும் தெரியும். பந்தயத்தில் ஓடிய காரில் அடிபட்ட தடயமே இல்லையென்றால் தகடு புதியது என்றே முதலில் எண்ணுகிறேன்.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் உண்டு. 1950களில் நியூயார்க்கின் டோனி பொம்பேயோ, லாஸ் ஏஞ்சலஸின் எர்னி மெக்காஃபி போன்ற இறக்குமதியாளர்கள் வழியாக இவற்றில் பல அமெரிக்கா சென்றன. அங்கே இன்ஜின் உடைந்தபோது உதிரிப் பாகம் கிடைக்காமல், கைக்குக் கிடைத்த உள்ளூர் இன்ஜினை ஏற்றி மேலும் சில பருவங்கள் ஓட்டினார்கள். ஃபியட்டின் வி8 இன்ஜினோடு வந்த சியாட்டா 208களிலும் சில இப்படி அமெரிக்க வி8க்கு மாறின. பிற்காலத்தில் விலை ஏறியதும், எங்கிருந்தோ தேடிப் பிடித்த 'சரியான' இன்ஜினை மீண்டும் பொருத்தினார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் அது இந்தக் காரோடு பிறந்த இன்ஜின் இல்லை என்பதை விற்பனைக் குறிப்பு சொல்ல வேண்டும். பல குறிப்புகள் 'சரியான வகை இன்ஜின்' என்று எழுதிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன.

1927 முதல் 1957 வரை நடந்த மில்லே மில்லியா என்ற இத்தாலியச் சாலைப் பந்தயத்தில் ஓடிய வகைக் கார்களுக்கே இன்றைய பழங்கார் மில்லே மில்லியாவில் இடம் என்பதால், இந்தச் சிறு கார்களின் விலை இயல்புக்கு மேல் ஏறியிருக்கிறது. போலி செய்வதற்கான ஆசையும் அங்கிருந்துதான் வருகிறது. எனவே முன்பணம் தருவதற்கு முன்பே, இருக்கையையும் தரைத்தகட்டையும் கழற்றி சட்டகத்தைப் பார்க்கவும், எண் பொறித்த இடத்தில் சிறு சதுரம் அளவுக்குப் பெயின்ட்டை நீக்கவும் விற்பவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால், மறுத்தார் என்பதையே என் அறிக்கையின் முதல் வரியாக எழுதுகிறேன். விலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.