அருகலை என்கிற வைஃபை

வைஃபை என்பது 'ஒயர்லெஸ் ஃபிடெலிட்டி'யின் சுருக்கம் என்று பலரும் சொல்வதுண்டு. அது சுருக்கமே இல்லை. கம்பியில்லாக் கருவி செய்யும் நிறுவனங்கள் 1999-இல் ஒரு கூட்டமைப்பு அமைத்தன. அந்தத் தொழில்நுட்பத்துக்கு இருந்த 'ஐஇஇஇ 802.11பி' என்ற வாயில் நுழையாத பெயரை வைத்துக்கொண்டு என்ன விற்பது? இன்டர்பிராண்ட் என்ற நிறுவனத்திடம் பெயர் கேட்டார்கள். பாட்டுப் பெட்டிக்காரர்களின் 'ஹைஃபை'க்கு எதுகையாகப் பிறந்தது வைஃபை. ஃபிடெலிட்டி பிறகு விளம்பர வாசகத்துக்காக ஒட்டியது.

தமிழில் அருகலை. அருகு + அலை. உகரம் கெட்டுப் புணர்ந்தது. கம்பியில்லா இணையம் என்றும் சொல்கிறார்கள், ஆனால் செல்போன் டவர் தருவதும் கம்பியில்லாததுதானே. அருகுதல் என்றால் குறைதல் என்றும் பொருள் உண்டு. 'அருகும் அலை' என்று வினைத்தொகையாகப் பிரித்தாலும் சரியாகவே வருகிறது: அலையைப் பரப்பும் ரவுட்டர் பெட்டியை விட்டு விலக விலக அலை தேயும். சொல்லைப் படைத்தவர் இதையும் நினைத்தாரோ என்னவோ.

தேய்ந்தாலும் அது நம் சுவரோடு நிற்பதில்லை. தார்சாவில் ரவுட்டரை வைத்தால் பட்டாசல் தாண்டி அடுக்களைக்கும் போகும், வெளியே முடுக்குக்கும் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகும் அலை சுவரில் சீக்கிரம் தளரும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டிப் போய்விடும். பாளையங்கோட்டையில் ஒரு வளவுக்குள் நாலைந்து குடித்தனம் இருந்தால், எல்லார் வீட்டு அருகலையும் எல்லார் போனிலும் தெரியும்.

அதனால்தான் கடவுச்சொல். கடவு என்றால் வழி. கடவுச்சீட்டில் இருப்பதும் அதே கடவுதான். டபிள்யூஇபி என்ற பழைய காப்புமுறையை உடைக்கும் விதம் 2001-லேயே வெளிவந்துவிட்டது. 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் தாங்கும், கடவுச்சொல் உருப்படியாக இருந்தால். குறைந்தது 8 எழுத்து வேண்டும் என்றதும் நம்ம ஆட்கள் செல்போன் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். போனும் ரவுட்டரும் இணையும்போது காற்றில் போகிற தகவலைப் பிடித்துவைத்துக்கொண்டால், அப்புறம் வேறெங்காவது உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகக் கணினியில் போட்டுப் பார்க்கலாம். பத்து இலக்கம் கணினிக்குப் பெரிய வேலையில்லை. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைத்தது. ரவுட்டரில் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ரவுட்டருக்குத் தமிழ், திசைவி. அதன் அமைப்புப் பக்கத்துக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு. அது 'அட்மின்' என்றே கிடந்தால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவர்கள் "அண்ணாச்சி, பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. பல திசைவிகளில் விருந்தினர் அருகலை என்று தனியாக ஒன்றைத் திறக்கலாம். கொடை முடிந்ததும் அணைத்துவிடலாம்.