பின்சில்லில் கியர் ஒயில் தெரிந்தால் முதலில் பிரேக்கைப் பாருங்கள்

போன மாரி முடிந்த கையோடு மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கத்திலிருந்து ஒரு ஐயா தன் பழைய டபுள் கெப்பை, அதாவது இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வாகனத்தை, என்னிடம் திருத்தக் கொண்டுவந்தார். வயல்வட்டைக்கு உரமும் விதைநெல்லும் ஏற்றுகிற வாகனம்.

"தம்பி, இந்தப் பக்கத்துச் சீல மூணு தரம் மாத்திட்டன். ஒரு மாசங்கூடத் தாங்குதில்ல" என்றார். கோபத்தைவிடக் களைப்புத்தான் அவர் குரலில் இருந்தது. சீல் என்பது சில்லைச் சுழற்றும் அக்சல் தண்டைச் சுற்றி, ஒயில் வெளியே வராமல் மறிக்கும் ரப்பர் வளையம்.

ரயரின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தெறித்திருந்தது. விரலில் தொட்டு மணந்து பார்த்தேன். கியர் ஒயிலுக்குக் கந்தகம் மாதிரி ஒரு நெடி உண்டு, ஒருமுறை மணந்தவருக்கு மறக்காது. பிரேக் ஒயில் என்றால் மெல்லியதாக ஓடும், அந்த நெடி இராது. பிரேக் ஒயிலின் அமுக்கத்தால் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரும் அக்சல் சீலும் கிட்டக் கிட்ட இருப்பதால் எது ஒழுகினாலும் ஒரே இடத்தில்தான் வடியும். மணக்காமல் கழற்றினால் பிழையான சாமானை வாங்கிவந்து பூட்டுவோம்.

பிரேக் ட்ரம்மைக் கழற்றினால், அதன் உட்புறத்தில் அழுத்திச் சில்லை நிறுத்தும் பிரேக் சூ இரண்டும் ஒயிலில் ஊறிக் கிடந்தன. "பிரேக் பிடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா ஐயா?" என்று கேட்டேன். "அது கன நாளா இழுக்குதுதான், பழகிட்டுது" என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த வாகனத்தில்தான் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிறார். ஒயில் ஊறிய சூவைப் பெற்றோலில் கழுவி, அரத்தாளால் தேய்த்து மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்கு இடங்கொடுக்காதீர்கள். சூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசு பட்டையான லைனிங் ஒயிலை உறிஞ்சிவிடும். சூடானதும் அது திரும்ப வெளியே கசியும். இரண்டு பக்கச் சூக்களையும் சோடியாக மாற்றத்தான் வேண்டும். பழைய லைனிங் தூசில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைப்பதே நல்லது.

சீல் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? வாகனம் ஓடிவந்த சூடு ஆறமுன்பே பின்சில்லுகளுக்கு எஞ்சின் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்லுப்பெட்டியான டிபரன்ஷலின் ஒயில் நிரப்பும் நட்டை மெல்லத் தளர்த்தினேன். 'புஸ்' என்று காற்று சீறியது. விசயம் அங்கேதான்.

அக்சலையும் டிபரன்ஷலையும் மூடியிருக்கும் இரும்புக் கூடான அக்சல் ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூடி இருக்கும். ஓடும்போது உள்ளே ஒயிலும் காற்றும் சூடாகி விரியும். அந்தக் காற்று வெளியேற இருக்கிற ஒரே வழி அது. அடைத்துக்கொண்டால் அமுக்கம் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஒயிலை வெளியே விடும். ஐயாவின் பிரீதரில் சேறு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அதன்மேல் குளவி வேறு மண்வீடு கட்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் றோட்டில் வெள்ளம் ஓடும்போது உழவு மெசினுக்குப் பின்னால் டபுள் கெப்பும் இறங்கிவிடும். சூடாக இருந்த அக்சல் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கும். பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகவே தண்ணீரை இழுக்கும். சீல் உள்ளிருக்கும் ஒயிலைத் தடுக்கச் செய்த சாமான். வெளியிலிருந்து இழுபடும் தண்ணீரை மறிக்க அதற்கு அவ்வளவு பலமில்லை. அன்று கீழ் நட்டைக் கழற்றியபோது வந்த ஒயில் பால்தேத்தண்ணி நிறம். அப்படியே ஓடவிட்டால் பெயாரிங்கும் பல்லும் துருப்பிடிக்கும்.

சாப்டை உருவி, சீல் உரசுகிற இடத்தில் நகத்தை ஓட்டினேன். நகம் தடக்கியது. பழைய சீலின் உதடு இரும்பிலேயே மெல்லிய வளையம் கீறியிருந்தது. புதுச் சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் எத்தனை தரம் மாற்றினாலும் கசியும். மெல்லிய உலோக ஸ்லீவ் கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால், இடம் விடுகிற வாகனங்களில், சீலைச் சற்று முன்பின்னாக இறக்கி உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். சுருள் கம்பியுள்ள பக்கம் ஒயிலைப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஒயில் தடவி, சுத்தியலால் ஒரு மூலையில் அடிக்காமல், அளவான குழாய்த்துண்டை வைத்து நேராக இறக்க வேண்டும். பெயாரிங் ஆடினால் அதையும் மாற்றாமல் சீலை மட்டும் போடுவது வீண்செலவு.

முன்னாலிருந்து டிபரன்ஷலுக்கு இழுவையைக் கொண்டுவரும் நீளத் தண்டான கார்டன் சாப்ட் பூட்டுகிற இடத்தில், அதாவது பினியன் சீலில், கசிவு என்றால் வீட்டில் கைவைக்காதீர்கள். பல வாகனங்களில் அந்த நட்டுக்குப் பின்னால், பெயாரிங்கின் இறுக்கத்தை அளவாக வைக்கும் நசுங்கும் ஸ்பேசர் இருக்கும். நீளக் குழாய் போட்டு இறுக்கினால் பெயாரிங் இறுகிச் சூடேறி, கொஞ்ச நாளில் டிபரன்ஷல் ஊளையிடத் தொடங்கும். கழற்றமுன் நட்டின் இடத்தை அடையாளமிட்டு, சுழல்கிற இறுக்கத்தையும் அளந்து வைத்துச் செய்கிறவரிடம் கொடுங்கள்.

ஒயில் மாற்றும்போது நிரப்பும் நட்டை முதலில் திறந்து பாருங்கள். அது துருவேறிக் கழறாவிட்டால், வடித்த பிறகு புது ஒயில் விட வழியிருக்காது. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, துளையின் கீழ்விளிம்பு மட்டத்துக்கு விட்டால் போதும். "கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று ஜாக்கில் ஒரு பக்கம் உயர்த்தி நிரப்பினால் மிச்சமும் சீல் வழியாகத்தான் வரும். காந்த நட்டில் மைபோலப் பிடிக்கும் தூள் வழமையானது. சில்லுச் சில்லாக இரும்பு வந்தால் உள்ளே பல் உடைகிறது.

2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் இங்கே எத்தனையோ வாகனங்கள் வயதுக்கு மீறி ஓடுகின்றன. ரப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகும். வயதான வாகனத்தைத் திட்ட எனக்கு மனமில்லை, அதை நம்பித்தான் ஒரு வீடே வெள்ளாமை செய்கிறது. ஆனால் மாரிக்கு முன் ஒரு தரம் பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்க அரை மணித்தியாலம் போதும்.

ஐயாவின் பிரீதரில் ஒரு ரப்பர் ஹோஸ் பூட்டி, வெள்ளம் எட்டாதபடி பின்பெட்டியின் உயரம்வரை கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். வடித்த ஒயிலை வெறும் கலனில் எடுத்து வைத்தோம். நம் கரையோரக் கிணறுகள் மணலில்தான் ஊறுகின்றன, அதை வேலியடியில் ஊற்ற முடியாது. நான்கு கிழமை கழித்து வந்தபோது இரண்டு ட்ரம்மையும் கழற்றிக் காட்டினேன். உள்ளே காய்ந்த தூசு மட்டுந்தான்.