கெட்ட வார்த்தை மூளைக்குள்ள என்ன பண்ணுது, அதை வேலை இடத்துல பேசலாமா?

வேலை இடத்துல கெட்ட வார்த்தை பேசலாமா கூடாதான்னு பேச்சு வந்தா ஒரு சாரார் "அசிங்கம், கூடாது"ன்னு முடிச்சுடுவாங்க, இன்னொரு சாரார் "வெறும் வார்த்தைதானே, இதுக்குப் போயி இவ்ளோ பெருசு பண்ணணுமா"ன்னு முடிச்சுடுவாங்க. அந்த வார்த்தை உடம்புக்குள்ள போயி என்ன செய்யுதுன்னு ரெண்டு பக்கமும் கேக்கறதில்ல. அதைக் கேட்டா வேலை இடத்துக்கான பதில் கிட்டத்தட்ட அதுலயே இருக்கு.

சாதாரண பேச்சும் வசவும் மூளையில ஒரே வழியா வர்றதில்ல. வார்த்தையைத் தேடி எடுத்து வாக்கியமா கோக்கற வேலை பெரும்பாலானவங்களுக்கு மூளையோட இடது பக்கத்துல நடக்குது, பக்கவாதத்துல அந்த இடம் அடிபட்டா ஒரு முழு வாக்கியம் சொல்லவே திணறுவாங்க, ஆனா அவங்கள்ல சிலருக்கு கோவம் வந்தா வசவு மட்டும் துளி பிசிறு இல்லாம வந்து விழும். 1861ல பாரிஸ்ல டாக்டர் பால் ப்ரோக்கா பாத்த லெபோர்ன்ங்கற நோயாளி இதுக்கு பேர்போன உதாரணம். எதைக் கேட்டாலும் "டான்"ங்கற ஒரே அசைதான் அவர் வாயில வரும், ஆனா கோவம் எல்லை மீறினா கடவுள் பேரை இழுத்து ஒரு வசவு வந்துடும். தன்னையறியாம உடம்பு துடிக்கற, சத்தம் வர்ற நரம்புக் கோளாறு டூரெட் சின்ட்ரோம், அதுல இதுக்கு நேர் எதிர், மூளையோட ஆழத்துல பேசல் கேங்லியான்னு ஒரு பகுதி இருக்கு, எதை வெளிய விடணும் எதை அடக்கணும்னு பாக்கறதுல அதுக்கு பெரிய பங்கு, அந்த சுற்றுல கோளாறு வர்றதால இந்த நோய் இருக்கறவங்கள்ல நூத்துல 10, 15 பேருக்கு கெட்ட வார்த்தை அவங்க விரும்பாமலே வெளிய வந்துடுது. அதாவது வசவு, யோசிச்சு பேசற பேச்சை விட அலறல், சிரிப்பு மாதிரியான உணர்ச்சி வெளிப்பாட்டுக்குத்தான் நெருங்கின சொந்தம்.

கேக்கறவங்க பக்கமும் இதேதான். 2003ல வெளியான ஒரு ஆய்வுல துருக்கி மொழியைத் தாய்மொழியா கொண்டு அப்புறமா இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்க விரல்ல சென்சார் மாட்டி வார்த்தைகளைக் கேக்க வச்சாங்க. மனசு படபடத்தா தோல்ல லேசா வியர்வை ஊறும், அதை அந்த சென்சார் அளக்கும். தாய்மொழியில கேட்டப்ப அந்த எதிர்வினை இங்கிலீஷை விட கூடுதலா இருந்துச்சு, அதுலயும் சின்ன வயசுல பெரியவங்க திட்டற மாதிரியான வாக்கியங்களுக்கு வித்தியாசம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மீட்டிங்ல இங்கிலீஷ்ல சுலபமா வாயில வர்ற அந்த நாலெழுத்து வார்த்தையோட தாய்மொழி அர்த்தத்தை அதே மீட்டிங்ல சொல்ல நமக்கு நாக்கு எழாததுக்கு காரணம் இங்கதான் இருக்கு. சொன்னா அடி விழும், முறைப்பு விழும்னு குழந்தையில உடம்பு எந்த மொழியில கத்துக்குச்சோ அந்த மொழியிலதான் வார்த்தைக்கு கனம்.

இப்ப நல்ல பக்கம், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது. இங்கிலாந்துல கீல் யுனிவர்சிட்டியில ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 2009ல அவரும் அவர் கூட இருந்தவங்களும் மாணவர்களை 5 டிகிரி குளிர்ந்த தண்ணியில கையை முக்கி வச்சிருக்க சொன்னாங்க. ஒரு தடவை கெட்ட வார்த்தையை திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே, இன்னொரு தடவை மேஜையை வர்ணிக்கற ஒரு சாதா வார்த்தையை சொல்லிக்கிட்டே. கெட்ட வார்த்தை சொன்னப்ப சராசரியா 40 செகண்ட் கிட்ட கூடுதலா தாங்கினாங்க, இதயத்துடிப்பும் ஏறுச்சு. ஆபத்து வந்தா உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகுமே, வசவு அந்த சுவிட்சைத் தட்டிவிடுதுன்னும் அதுல வலி மட்டுப்படுதுன்னும் அவங்க விளக்கம் சொன்னாங்க. 2018ல வந்த அவங்களோட இன்னொரு ஆய்வுல கையால இறுக்கிப் பிடிக்கற பலமும் வசவு சொன்னப்ப கூடுச்சு, ஆனா அப்ப இதயத்துடிப்பு பெருசா மாறல, அதனால உள்ளுக்குள்ள போட்டு வச்சிருக்கற தடையை வசவு தளர்த்தி விடுதுங்கற விளக்கத்தையும் இப்ப பேசறாங்க.

2020ல இன்னும் ஒரு படி போயி "ஃபவுச்", "ட்விஸ்பைப்"னு ரெண்டு புது வசவை உருவாக்கி அதே குளிர் தண்ணி சோதனையை வச்சாங்க. கேக்க வசவு மாதிரிதான் இருந்துச்சு, சிரிப்பு கூட வந்துச்சு, ஆனா வலி தாங்கற சக்தி கொஞ்சம் கூட ஏறல. வாயை விட்டு கத்தறதுல மட்டும் மருந்து இல்ல, வருஷக்கணக்கா "சொல்லக்கூடாது"ன்னு அடக்கி வச்சதுலதான் இருக்கும் போல. அதே குழு 2011ல கண்டுபிடிச்சதையும் இதோட சேத்துப் பாக்கணும், தினமும் நிறைய கெட்ட வார்த்தை பேசறவங்களுக்கு இந்த பலன் குறைஞ்சுக்கிட்டே போகுது. ஆபீஸ்ல மூச்சுக்கு மூச்சு வசவு விடறவங்க, நிஜமா தேவைப்படற நேரத்துக்கு கைவசம் எதையும் மிச்சம் வைக்கறதில்ல.

அப்ப சர்வர் படுத்துடுச்சு, கதவுல விரல் மாட்டிக்கிச்சுன்னு ஒருத்தர் தன்னையறியாம ஒரு வார்த்தை விட்டா அதுல என்ன தப்புன்னு என்னால சொல்ல முடியல. ஒரு ஆள் மேல அதை வீசறப்பதான் கதை வேற.

2015ல இஸ்ரேல்ல பச்சிளங்குழந்தைகள் ஐசியூவுல வேலை செய்ற 24 டீமுக்கு ஒரு பயிற்சி வச்சாங்க, பொம்மைக் குழந்தைக்கு உடம்பு மோசமாகுது, என்ன நோய்னு கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ணணும். பாதி டீம்கிட்ட வெளிநாட்டு நிபுணர்னு சொல்லி அறிமுகப்படுத்தின ஒருத்தர் அந்த நாட்டு மருத்துவத் தரத்தைப் பத்தி இளக்காரமா ரெண்டு வார்த்தை சொன்னாரு, அவ்ளோதான். அதைக் கேட்ட டீம்கள் நோயைக் கணிக்கறதுலயும் கைவேலையிலயும் பின்தங்கிட்டாங்க, ஒருத்தருக்கொருத்தர் தகவல் சொல்லிக்கறதும் உதவி கேக்கறதும் குறைஞ்சு போச்சு. கெட்ட வார்த்தையே இல்லாத சின்ன அவமரியாதைக்கே இந்த கதின்னா, எல்லார் முன்னாடியும் "நீ ஒரு..."ன்னு ஆரம்பிக்கற வசவு என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல கிறிஸ்டின் போரத், அமீர் எரஸ் ரெண்டு பேரும் பண்ண சோதனைகள்ல, திட்டு வாங்கினவங்க மட்டும் இல்ல, பக்கத்துல நின்னு பாத்தவங்களும் புதிர் விடுவிக்கறதுல சுணங்கிட்டாங்க. "கவலைப்படாதீங்க, நான் அவனை மட்டும்தான் திட்டினேன்"னு எந்த மேனேஜரும் சொல்லிக்க முடியாது.

ஆனா எல்லா வசவும் அவமரியாதை இல்ல. நியூசிலாந்துல வெலிங்டன் பக்கம் ஒரு சோப்பு ஃபேக்டரியில தொழிலாளர்கள் பேச்சை ரெக்கார்ட் பண்ணி மொழியியல் ஆளுங்க ஆராய்ஞ்சாங்க, 2004ல வெளியான ஆய்வு. அந்த டீமுக்குள்ள பயங்கரமான வார்த்தைகள் சர்வசாதாரணமா ஓடுது, குறை சொல்றப்பவும் முடியாதுன்னு மறுக்கறப்பவும் கூட, அதை அவங்க "நீ நம்மாளு"ங்கற அடையாளமாத்தான் எடுத்துக்கறாங்க. டீமுக்கு வெளிய இருக்கறவங்ககிட்ட அதே ஆளுங்க அப்படி பேசறதில்ல. கோடு எங்க இருக்குன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். இதை வச்சு "எங்க டீம் கல்ச்சர் இப்படித்தான்"னு ஒரு பாஸ் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா அங்க திருப்பி சொல்ற உரிமை எல்லாருக்கும் இருந்துச்சு. சம்பளமும் லீவும் கையில வச்சிருக்கறவரு சொல்ற வார்த்தைக்கு கீழ இருக்கறவங்க சிரிச்சாங்கன்னா அது சம்மதம் ஆகாது. சாதி, மதம், நிறம், ஊனம், பெண்ணுங்கறதை வச்சு வர்ற வசவு இந்த விவாதத்துக்குள்ளயே வராது, அது துன்புறுத்தல். ஐ.நா.வோட தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 2019ல வேலை இடத்து வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரா 190ம் நம்பர் உடன்படிக்கை கொண்டு வந்ததே இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்.

எழுத்துல வந்துட்டா கணக்கு இன்னும் மாறிடும், குரலும் முகமும் போயிடும், வார்த்தை மட்டும் நிக்கும். கோல்ட்மேன் சாக்ஸ்ங்கற அமெரிக்க முதலீட்டு வங்கிக்குள்ள போன ஒரு ஈமெயில்ல இருந்த கெட்ட வார்த்தையை 2010ல அமெரிக்க செனட் விசாரணையில செனட்டர் கார்ல் லெவின் திரும்பத் திரும்ப வாசிச்சாரு, சில மாசத்துல அந்த கம்பெனி ஈமெயில்ல வசவுக்கே தடை போட்டுடுச்சு. லினக்ஸ்ங்கற கம்ப்யூட்டர் இயங்குதளத்தை உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸ், ப்ரோக்ராம் கோடு சரியில்லன்னா எழுதினவங்களை மெயில்ல வார்த்தையால வறுத்து எடுக்கறதுக்கு பேர் போனவர். 2018 செப்டம்பர்ல அதுக்கு வெளிப்படையா மன்னிப்பு கேட்டு கொஞ்ச நாள் ஒதுங்கினாரு, அதே நேரத்துல அந்த ப்ராஜெக்டுக்கு புது நடத்தை விதியும் வந்துச்சு. இப்படி மென்மையாயிட்டா தரம் போயிடும்னு பயந்தவங்க நிறைய பேர். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலோட அடுத்த வெர்ஷன் 4.19 அக்டோபர்லயே வெளிய வந்துடுச்சு, அவரும் திரும்பி வந்து தப்பான கோடை தப்புன்னு கறாரா சொல்லிக்கிட்டுதான் இருக்காரு.