மடக்கை எண்களைக் கூட்டுவதற்கு முன்

இரைச்சல் அளவு, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பு போன்றவை அடங்கிய அளவீட்டு அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் அன்றாடப் பணி. அவற்றில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை கருவிக் கோளாறால் வருவதன்று. மடக்கை (லாகரிதம்) அளவுகோலில் எழுதப்பட்ட எண்ணை நீளத்தையும் எடையையும் போலக் கருதிக் கூட்டுவதாலும் சராசரி எடுப்பதாலும் வருவது. பள்ளியில் மடக்கையைப் படித்துத் தேர்ச்சி பெற்றவர்களிடமே இதைக் காண்கிறேன். விதிகள் அவர்களுக்கு மனப்பாடம். அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் மறந்துபோயிருக்கிறது.

மடக்கை என்பது ஓர் அடுக்கு. அதற்கு மேல் அதில் மறைபொருள் ஏதும் இல்லை. 10-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 1000 கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை 3. ஆகவே 10 அடிமானத்தில் 1000-இன் மடக்கை 3. அதேபோல் 2 அடிமானத்தில் 32-இன் மடக்கை 5. முழு அடுக்காக அமையாத எண்களுக்கும் இதே கேள்விதான். 10-இன் முதல் அடுக்கு 10, இரண்டாம் அடுக்கு 100 என்பதால், 50-இன் மடக்கை 1-க்கும் 2-க்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும், கணக்கிட்டால் 1.699 வருகிறது. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் இந்த உத்தேச மதிப்பைச் சொல்லிப் பார்ப்பவருக்குத் தசமப் புள்ளி இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

அடுக்கு என்று பார்த்தால் விதிகளைத் தனியே நினைவில் வைக்க வேண்டிய தேவையும் குறைகிறது. ஒரே அடிமானம் கொண்ட எண்களைப் பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன, வகுக்கும்போது கழிகின்றன. மடக்கைகளும் அப்படியே நடந்துகொள்கின்றன. ஆனால் இரண்டு எண்களின் கூட்டுத்தொகைக்கு இத்தகைய எளிய விதி எதுவும் இல்லை. 100, 1000 ஆகியவற்றின் மடக்கைகளான 2, 3 இரண்டையும் கூட்டினால் வரும் 5 என்பது அவற்றின் பெருக்குத்தொகையான 1,00,000-இன் மடக்கை. அவற்றின் கூட்டுத்தொகையான 1100-இன் மடக்கையோ 3.04 மட்டுமே.

பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இந்த வசதிக்காகவே, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் தம் அட்டவணையை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் 10-ஐ அடிமானமாகக் கொண்டு 14 தசம இடங்கள் வரை கணித்த அட்டவணையை 1624-இல் கொண்டுவந்தார். அட்டவணைகளின் காலம் முடிந்துவிட்டாலும், இரண்டு மதிப்புகளையாவது மனத்தில் வைத்திருப்பது இன்றும் பயன்தரும் என்பது என் கருத்து: 2-இன் மடக்கை 0.30103, 3-இன் மடக்கை 0.47712. ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் ஒரு தொகை எப்போது இரட்டிப்பாகும் என்ற கேள்வியை இவ்விரண்டைக் கொண்டே தீர்க்கலாம். 108 என்பது 2-இன் இரண்டாம் அடுக்கையும் 3-இன் மூன்றாம் அடுக்கையும் பெருக்கியது. எனவே அதன் மடக்கை 0.60206-உம் 1.43136-உம் சேர்ந்த 2.03342. 100-ஆல் வகுப்பதற்கு 2-ஐக் கழித்தால், 1.08-இன் மடக்கை 0.03342 என்று கிடைக்கிறது. 0.30103-ஐ இதனால் வகுத்தால் 9-க்குச் சற்று மேல் வரும். ஏறத்தாழ 9 ஆண்டுகள்.

இனி இரைச்சலை அளக்கும் அலகான டெசிபெல். ஒலிச்செறிவை, ஒப்பிடுவதற்கென நிர்ணயித்த ஒரு குறிப்புச் செறிவால் வகுத்து, அந்த விகிதத்தின் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் டெசிபெல் கிடைக்கிறது. ஆகவே 80 டெசிபெல் என்றால் குறிப்புச் செறிவைப் போல 10-இன் எட்டாம் அடுக்கு மடங்கு, அதாவது பத்துக் கோடி மடங்கு என்று பொருள். தலா 80 டெசிபெல் எழுப்பும் இரண்டு இயந்திரங்கள் சேர்ந்து இயங்கினால் செறிவு இரு மடங்காகிறது. 2-இன் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் 3 என்பதால், மொத்தம் 83 டெசிபெல். 160 என்று எழுதி வந்த அறிக்கையையும் பார்த்திருக்கிறேன். அது உண்மையானால் அந்த அறையில் இருப்பவர்களின் செவிப்பறையே கிழியக்கூடும்.

இதைவிட நுட்பமான இன்னொன்று உண்டு. ஓர் இயந்திரம் 80, மற்றொன்று 70 டெசிபெல் எழுப்புகின்றன என்று கொள்வோம். முதலாவதன் செறிவு பத்துக் கோடி மடங்கு, இரண்டாவதன் செறிவு ஒரு கோடி மடங்கு. இரண்டும் சேர்ந்து பதினொரு கோடி. அதற்குரிய அளவு 80.4 டெசிபெல். சிறிய இயந்திரத்தை முற்றிலும் நிறுத்தினாலும் 0.4 டெசிபெல் மட்டுமே குறையும் என்பதை இந்த ஒரு வரிக் கணக்கு காட்டிவிடும். எந்த இயந்திரத்துக்கு ஒலித்தடுப்பு அமைக்கச் செலவு செய்வது என்று முடிவெடுப்பவர்கள் இதை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்லது.

பிஎச் மதிப்பிலும் இதே நிலைதான், குறி மட்டும் தலைகீழ். ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எதிர்க்குறியுடன் எழுதுவதே பிஎச் என்பதால், எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. பிஎச் 4, பிஎச் 6 உள்ள இரண்டு நீர்த்த வலிமையான அமிலக் கரைசல்களைச் சம அளவில் கலந்தால் 5 வராது. செறிவுகளின் சராசரியை எடுத்து மீண்டும் மடக்கைக்கு மாற்றினால் ஏறத்தாழ 4.3 வரும். முதலில் மடக்கையிலிருந்து உண்மை அளவுக்குத் திரும்புவது, அங்கே கூட்டுவது அல்லது சராசரி எடுப்பது, பிறகு மீண்டும் மடக்கைக்கு வருவது என்ற வரிசையை மாற்றக் கூடாது.

மென்பொருளில் ஒரு பொறி உள்ளது. எக்செல் தாளில் அடிமானம் குறிப்பிடாமல் 'லாக்' என்று எழுதினால் 10 அடிமான மடக்கை வரும். அதே எக்செல்லின் மேக்ரோ மொழியில் அதே சொல் இயல் மடக்கையை, அதாவது e எனப்படும் 2.718... என்ற எண்ணை அடிமானமாகக் கொண்ட மடக்கையைத் தரும். பைத்தான் நிரல்மொழியின் கணிதத் தொகுதியிலும் அடிமானம் குறிப்பிடாவிட்டால் இயல் மடக்கைதான். இரண்டுக்கும் உள்ள விகிதம் 2.3026. தாளிலிருந்து நிரலுக்கு மாற்றிய கணக்கில் எல்லா விடைகளும் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல் பெருத்திருந்தால், தேட வேண்டிய இடம் இதுதான். 1000-இன் மடக்கையைக் கேட்டுப் பாருங்கள்: 3 வந்தால் அடிமானம் 10, 6.908 வந்தால் இயல் மடக்கை.

மடக்கை அச்சில் வரைந்த வரைபடத்தைப் படிப்பதும் பழக வேண்டிய ஒன்று. அங்கே 10-க்கும் 100-க்கும் நட்டநடுவில் உள்ள புள்ளி 55 அன்று, 31.6. நேர்கோடாக ஏறும் வரி, ஒவ்வொரு கால இடைவெளியிலும் ஒரே தொகை கூடுவதைக் காட்டுவதில்லை. ஒரே விகிதத்தில் பெருகுவதைக் காட்டுகிறது. அந்த அச்சில் சுழியத்துக்கு இடமே கிடையாது, ஏனெனில் 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் சுழியம் கிடைக்காது. தரவில் சுழிய மதிப்புகள் இருந்தால் சில மென்பொருள்கள் எச்சரிக்கை ஏதுமின்றி அவற்றை விட்டுவிட்டு வரைகின்றன. ஆகையால், மடக்கை அச்சில் அமைந்த வரைபடத்தை அறிக்கையில் சேர்ப்பவர்கள், அவ்வாறு விடுபட்ட மதிப்புகள் எத்தனை என்பதைப் படத்தின் கீழேயே ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.