மூடுபனிக்குள் ஒரு ‘ம்’

கோத்தகிரியில் ஐப்பசி பிறந்து, மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொண்டால் தேயிலைத் தோட்டத்தில் நாலடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு வரிசையில் நகர்ந்துகொண்டிருப்பார்கள். கத்தரி வெட்டும் சத்தம் ஒரே தாளத்தில் கேட்கும். அதற்கு நடுவில் பேச்சு. என் அம்மா முப்பது வருடம் இப்படிப் பேசிக்கொண்டே வேலை பார்த்தவர்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஒரு நாள் பக்கத்து வரிசைச் சித்தியிடம், அடகு வைத்த தோட்டை மீட்கப்போன கதையை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் சட்டென்று நிறுத்தி, “ஏ புள்ள, இருக்கியா?” என்று கேட்டார். சித்தி எங்கும் போகவில்லை. ஏதோ எடுக்கக் குனிந்ததில் நாலைந்து நொடி ‘ம்’ சொல்லாமல் விட்டிருந்தார், அவ்வளவுதான். “இருக்கேன்க்கா, சொல்லு” என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து ஓடியது.

உம் கொட்டுவதை நாம் மரியாதைக்குச் செய்வதாக நினைக்கிறோம். அது நின்றால் பேசுபவரின் பேச்சே ஏன் நிற்கிறது என்று யோசித்தால்தான் விஷயம் பிடிபடும்.

தகவல் தொடர்பு என்றதும், ஒருவர் அனுப்புவார், இன்னொருவர் வாங்குவார் என்று அம்புக்குறி போட்டுப் படம் வரைவார்கள். அந்தப் படத்தின் வேர் 1948-இல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அவர் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். வழியில் இரைச்சல் இருந்தாலும் செய்தி சிதையாமல் போய்ச் சேருவது எப்படி என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு அது அருமையான விடை. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும்போது ‘வாங்குபவர்’ சும்மா இருப்பதில்லை.

இதைக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸ் குழுவினர் சோதித்துப் பார்த்து 2000-இல் வெளியிட்டார்கள். மயிரிழையில் தப்பிய சொந்த அனுபவம் ஒன்றை ஒருவர் சொல்ல வேண்டும், முன்பின் தெரியாத ஒருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார்கள். ‘t’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் சொல் சொல்லாகக் கவனித்துக் கேட்டார்கள். ஆனால் கதையைக் கேட்கவில்லை. விளைவு, சொல்பவரிடம் தெரிந்தது. கதையின் உச்சக்கட்டம் வந்ததும் தடுமாறினார்கள், சொன்னதையே திரும்பச் சொன்னார்கள், ‘நிஜமாகவே ஆபத்தாகத்தான் இருந்தது’ என்று விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல கதை கெட்டுப்போனது கேட்டவரால்.

கேட்பவர் காட்டும் சைகைகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். எந்தக் கதைக்கும் பொருந்துகிற ‘ம்’, தலையாட்டல் ஒரு வகை. ‘ஐயோ, அப்புறம்?’ என்று அந்த இடத்துக்கு மட்டும் பொருந்துகிற பதற்றம் இன்னொரு வகை. கவனம் சிதறினால் இரண்டுமே குறைந்தன, அதிலும் அதிகம் அடிபட்டது இரண்டாவது. போனைப் பார்த்துக்கொண்டே ‘ம், சொல்லு’ என்கிறோமே, அப்போது எதிரில் இருப்பவருக்குப் பேச்சு ஏன் வறண்டுபோகிறது என்பது இங்கே விளங்கிவிடுகிறது.

இடையில் ஒன்று. பேச்சில் வார்த்தையின் பங்கு 7 சதவீதம்தான், மீதி 93-ம் குரலும் முகமும் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. அது 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. அவர் அளந்தது ஒற்றைச் சொல்லை வைத்து, பேசுபவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்ற உணர்ச்சியை மட்டும். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். முகமே தெரியாத பனிக்குள் அடகுத்தொகை, வட்டி, சேட்டு சொன்னது என்று அத்தனையும் பேசி முடித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். வார்த்தையைக் குறைத்து மதிப்பிட என்னால் முடியாது.

சரி, காதில் சரியாக விழவில்லை என்றால்? ‘ஆங்?’ என்போம், ‘எது?’ என்போம், ‘டானிங்டன் ஸ்டாப்லயா இறங்கணும்?’ என்றும் கேட்போம். 2015-இல் வந்த ஓர் ஆய்வில், 12 மொழிகளின் அன்றாடப் பேச்சில் இப்படித் திருத்தம் கேட்பது சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை நடந்தது. ஆக, புரியாமல் போவது பேச்சின் கோளாறு கிடையாது, அன்றாட நடப்பு. இந்த மூன்று கேள்விகளில் ‘ஆங்?’ என்றால் எதிராளி முழுதும் திரும்பச் சொல்ல வேண்டும். டானிங்டன் என்று கேட்டால் அவர் ‘ஆமா’ என்றால் போதும். முடிந்தவரை எதிராளியின் சுமையைக் குறைக்கும் கேள்வியைத்தான் மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வீட்டுக்குள் இந்தக் கேள்வியைக் கேட்க நாம் மறந்துவிடுகிறோம். “மழை வரும்போல இருக்கு” என்று மனைவி சொன்னால் கொடியில் துணி காய்கிறது என்று அர்த்தம். கணவர் வானத்தைப் பார்த்து “ஆமா” என்கிறார். பல பொருள் தரும் வாக்கியங்களை வைத்து 2011-இல் கென்னத் சாவிட்ஸ்கி குழுவினர் தம்பதிகளைச் சோதித்தபோது, அறிமுகமில்லாதவர்களைவிட அவர்கள் அதிகமாகப் புரிந்துகொள்ளவில்லை. ‘அவருக்குப் புரியும்’ என்ற நம்பிக்கைதான் அதிகமாக இருந்தது.

இனி நேரத்துக்கு வருவோம். 2009-இல் டான்யா ஸ்டைவர்ஸ் குழுவினர் 10 மொழிகளில், ஆம்-இல்லை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு 600 மில்லிநொடி தேவைப்படுகிறது. அப்படியானால் கேள்வி முடியும் முன்பே, அது எங்கே முடியும் என்று ஊகித்துப் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். தமிழில் ‘போனாயா’, ‘போகவேண்டாம்’ எல்லாம் கடைசியில்தான் தெரியும். ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அப்படியிருந்தும் அந்தப் பத்தில் மிகக் குறைந்த இடைவெளி ஜப்பானியர்களுடையது! அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை.

இவ்வளவு நுட்பமாகக் காது பழகியிருப்பதால், சிறு தாமதத்துக்கும் அது பொருள் எடுக்கிறது. இன்னொரு ஆய்வில், உதவி கேட்டதற்குச் சொன்ன ஒரே ‘சரி’யை, இடைவெளியை மட்டும் நீட்டி ஆங்கிலம், இத்தாலியம், ஜப்பானியம் பேசுபவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இடைவெளி நீள நீள, ‘இவருக்கு மனமில்லை’ என்ற மதிப்பீடு மூன்று மொழியிலும் கூடியது.

என் தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். போன வருடம் வீடியோ காலில் அம்மா, “திருவிழாவுக்கு வர்றியா சாமி?” என்று கேட்டார். பதில் வர ஒரு நொடிக்கு மேல் ஆனது. “வர்றேம்மா” என்றுதான் சொன்னாள். ஆனாலும் அம்மா இரண்டு நாள், “அவளுக்கு வர மனசில்லை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயன் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். போன், குரலைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. தாமதமாக வரும் துண்டுக்காக அந்தப் பக்கத்துப் போன் காத்திருந்து, வரிசையாக அடுக்கித்தான் ஒலிக்கிறது. போகும்போது கொஞ்சம், திரும்பும்போது கொஞ்சம் என்று தாமதம் சேர்ந்துகொள்கிறது. தங்கை உடனே சொன்ன பதில்தான் அம்மாவுக்குத் தயக்கமாகக் கேட்டிருக்கிறது.

இதை அம்மாவிடம் விளக்கினேன். ‘ம், ம்’ என்று முழுதும் கேட்டுக்கொண்டார். இந்த வருடம் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஏறிப் போனார். “திருவிழாவுக்கு வர்…” என்பதற்குள் அந்தப் பக்கமிருந்து “வர்றேம்மா” கேட்டது.