‘சிண்டெமிக்’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

பொதுச் சுகாதார ஆய்வுகளைப் படிப்பவர்கள் ‘சிண்டெமிக்’ என்ற சொல்லை இப்போது அடிக்கடி பார்க்கலாம். 2020 செப்டம்பரில் லான்செட் மருத்துவ இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், ‘கோவிட் ஒரு பெருந்தொற்று அல்ல, சிண்டெமிக்’ என்று எழுதினார். மருத்துவத் துறைக்கு வெளியே இருந்தவர்கள் இந்தச் சொல்லைக் கவனித்தது அப்போதுதான்.

ஆனால் சொல் 1990களிலேயே பிறந்துவிட்டது. உருவாக்கியவர் மெரில் சிங்கர் என்ற அமெரிக்க மருத்துவ மானிடவியலாளர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்த ஏழைப் புவேர்ட்டோ ரிக்க மக்களிடையே அவர் ஆய்வு செய்துவந்தார். போதைப்பழக்கம், வன்முறை, எய்ட்ஸ் மூன்றும் அங்கே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஒன்றைத் தனியே பிரித்து எண்ணுவதில் பொருளில்லை என்று அவருக்குத் தோன்றியது. கூட்டுவிசையைக் குறிக்கும் ‘சினர்ஜி’யையும் கொள்ளைநோயைக் குறிக்கும் ‘எபிடெமிக்’கையும் சேர்த்து இந்தப் பெயரைக் கட்டினார்.

கிரேக்க வேரைப் பிரித்தால் ‘சின்’ என்பது ‘சேர்ந்து’, ‘டெமோஸ்’ என்பது ‘மக்கள்’. ‘டெமாக்ரசி’யில் இருக்கும் அதே டெமோஸ். எபிடெமிக், பாண்டெமிக், சிண்டெமிக் மூன்றின் வேரிலும் நோய் என்ற பொருள் இல்லை, மக்கள்தான் இருக்கிறார்கள். நம்முடைய ‘கொள்ளைநோய்’ வேறு வழியில் போகிறது. அது நோய் செய்யும் வேலையைச் சொல்கிறது: கொள்வது, வாரிக்கொண்டு போவது.

சிண்டெமிக் என்று சொல்ல மூன்று பொருந்த வேண்டும். ஒரே மக்கள் கூட்டத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நோய்கள் திரண்டிருக்க வேண்டும். அவை ஒன்றையொன்று மோசமாக்க வேண்டும். வறுமை, நெருக்கடியான குடியிருப்பு, பாகுபாடு போன்ற சமூக நிலைமை அவற்றைச் சேர்த்துவைப்பதாக இருக்க வேண்டும். மூன்றாவதை மறந்துவிட்டுப் பலர் இந்தச் சொல்லை வீசுகிறார்கள். அப்படியானால் நமக்கு ‘இணைநோய்’ போதுமே! கொரோனா கால அறிக்கைகளில் தினமும் கேட்ட சொல் அது. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் அது இணைநோய், ஓர் உடம்பின் கணக்கு. சிண்டெமிக் ஊரின் கணக்கு.

காசநோயைப் பார்த்தால் இது தெளிவாகும். காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எதிர்ப்பாற்றல் அதை அடக்கியே வைத்திருக்கும். போதிய சாப்பாடு இல்லாத உடம்பில் அந்தக் காவல் தளர்கிறது. நோய் வந்த பிறகு பசி மந்தமாகி உடம்பு இளைக்கிறது. வேலைக்குப் போக முடியாமல் கூலி நிற்கிறது. வீட்டில் எல்லோருடைய தட்டிலும் சோறு குறைகிறது. அதே அறையில் அதே காற்றைச் சுவாசிக்கும் மற்றவர்களுக்கும் இப்போது காவல் தளர்கிறது. இன்னொரு பக்கம் சர்க்கரை நோய். அது இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்த ஓர் ஆய்வு (2012) அவர்களில் கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதைக் கண்டது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தையும் குறைத்துவிடும்.

காசநோய்க்கும் பசிக்கும் உள்ள இந்த உறவை ஆய்வுலகம் நெடுநாள் ஓரமாக வைத்திருந்ததற்குச் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களையும் காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடு ஓய்வெடுத்தவர்களையும் ஒப்பிட்டது. 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களின் உணவு மிகக் குறைவு, ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவை குறைந்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ‘மருந்து போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டது. அந்த ஆய்வு அப்படிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. படித்தவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் அது.

2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. மங்களூருவைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் சென்னை தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனத்தாருடன் சேர்ந்து செய்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் கிடைத்தது. ஒரு பிரிவில் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும், பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. 2023-ல் லான்செட்டில் வெளியான இந்த முடிவைப் படித்தால், ஒரு தடுப்பூசியைப் பற்றிய செய்தியோ என்று தோன்றும். கொடுத்தது அரிசியும் பருப்பும்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பிலாத் திட்டம்’ நோய் உறுதியானதும் எடை, கால்வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்க்கிறது. ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. மெலிவையும் நோயையும் சேர்த்தே எடைபோடும் முறை இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கூட்டுத்தொற்று’ சரிப்படாது, சர்க்கரை நோயும் பட்டினியும் தொற்றுவதில்லை. ‘கூட்டுநோய்’ என்றால் இணைநோயோடு குழம்பும். நான் பரிந்துரைப்பது ‘பிணைபிணி’. பிணித்தல் என்றால் கட்டுதல், உடம்பைக் கட்டிப்போடுவதால் நோய்க்குப் பிணி என்று பெயர். ஒன்றோடொன்று பிணைகிற பிணி என்று விரியும் வினைத்தொகை இது. அதனால்தான் நடுவில் ‘ப்’ வராது. பிணியில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சங்கத் தமிழ் பசியையும் பிணியாகவே எண்ணியது. புறநானூற்றின் 173-ஆம் பாட்டு, சிறுகுடிப் பண்ணனைப் ‘பசிப்பிணி மருத்துவன்’ என்கிறது. ‘நோய்’ என்று வைத்தால் பட்டினியை உள்ளே கொண்டுவர விளக்கம் தேவைப்படும். பிணிக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் சொல்லின் பொருளில் சேரும். ஹார்ட்டனுக்கு அதே ஆண்டு மறுமொழி எழுதிய மருத்துவ மானிடவியலாளர் எமிலி மெண்டன்ஹால், கோவிட் அமெரிக்காவில் சிண்டெமிக்காக இருக்கலாம், நியூசிலாந்தில் அப்படி இல்லை, இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். எனவே மழைக்காலத்தில் டெங்குவும் சளிக்காய்ச்சலும் ஒரே வாரத்தில் ஒரு தெருவுக்கு வந்தால் மட்டும் அது பிணைபிணி ஆகிவிடாது. ஒன்று மற்றதை மோசமாக்குகிறதா, அந்தத் தெருவின் நிலைமை இரண்டையும் சேர்த்துவைக்கிறதா என்று காட்டிய பிறகு எழுதலாம்.