பழைய படங்களில் கண்கள் ஏன் வெளிறியிருக்கின்றன?

ஃபின்லாந்து ஓவியர் ஹூகோ சிம்பெர்க் எடுத்த பழைய புகைப்படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சிலருடைய கண்கள் ஏன் பேய்க்கண் மாதிரி வெளிறியிருக்கின்றன? வானத்தில் மேகத்தையே காணோமே?" இம்மாதிரிப் படங்களுக்கு 'ஆவி' என்று தலைப்புப் போட்டுப் பரப்புகிறவர்கள் இருக்கும்வரை இது நியாயமான கேள்விதான். ஆவி எதுவும் இல்லை. எல்லாம் சில்வர் புரோமைடு என்ற வெள்ளி உப்பு செய்யும் வேலை.

சிம்பெர்க் (1873–1917) தன் நாட்டில் பெரிய பெயர். கண்கட்டோடு தளர்ந்து உட்கார்ந்திருக்கும் தேவதையை இரண்டு பையன்கள் தூக்கிச் செல்லும் 'காயம்பட்ட தேவதை' (1903) அவர் வரைந்தது. ஹெல்சிங்கியின் அதெனியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு மாடலாக நின்ற பிள்ளைகளை அவர் படமும் எடுத்திருக்கிறார். வீபோர்க் பக்கம் நியெமென்லவுத்தாவில் இருந்த கோடை வீட்டில், குடும்பத்தாரும் அவர் கேமராவுக்குத் தப்பவில்லை.

அப்போது ஃபிலிமைவிடக் கண்ணாடித் தட்டுகளே அதிகம். லென்ஸ், தலைகீழ் பிம்பம், நெகட்டிவ் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். தட்டின் மேல் பூசிய ஜெலட்டினுக்குள் நடப்பதுதான் விஷயம். அதில் சில்வர் புரோமைடின் நுண்படிகங்கள் எண்ணற்றுக் கிடக்கின்றன. ஒரு ஒளித்துகள் படிகத்தில் மோதி ஒரு எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. அது அலைந்து, படிகத்தின் பரப்பில் ஏதாவது ஒரு குறைபாடுள்ள இடத்தில் சிக்கிக்கொள்கிறது. எதிர்மின்னேற்றம் பெற்ற அந்த இடத்துக்கு, படிகத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளி அயனி ஒன்று இழுபட்டு வந்து, எலக்ட்ரானை வாங்கி வெள்ளி அணுவாகிறது. அடுத்த ஒளித்துகள், அதே இடம், இன்னொரு அணு. நாலைந்து அணுக்கள் சேர்ந்தால் போதும்! கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தட்டை டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட்டதும், அந்த வெள்ளித் துளி வழியாக எலக்ட்ரான்கள் புகுந்து, பல கோடி அயனிகள் கொண்ட முழுப் படிகத்தையும் வெள்ளியாக்கிவிடுகின்றன. பாலில் ஒரு சொட்டு உறைமோர் செய்யும் வேலை இது. வெள்ளித் துளி இல்லாத படிகங்கள் அப்படியே நிற்கும். பிறகு கழுவிப் போய்விடும்.

சரி, கண்கள்? எலக்ட்ரானைக் கிளப்ப ஒளித்துகளுக்குக் குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். சில்வர் புரோமைடுக்கு அது ஏறத்தாழ நீல ஒளியில்தான் தொடங்குகிறது. சிவப்பு ஒளித்துகளுக்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது, அதனால் சிவப்பு ஒளி எவ்வளவு கொட்டினாலும் ஒரு எலக்ட்ரானும் அசையாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் இதனால்தான். ஆகவே நீலக் கண்மணியும் நீல வானமும் தட்டுக்குக் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். படத்தில் இரண்டும் வெளுத்துப்போகும், வெளுத்த வானத்தில் வெள்ளை மேகம் தனியாகத் தெரியாது. சிவந்த உதடும் பழுப்பு மச்சமும் கிட்டத்தட்ட இருட்டு. வண்ணங்களோடு வாழ்ந்த ஓவியர் கையில், சிவப்பே தெரியாத தட்டு! 1873-இல், அதாவது சிம்பெர்க் பிறந்த அதே ஆண்டில், ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் சேர்த்தால் தட்டு பச்சையையும் பார்க்கும் என்று கண்டுபிடித்தார். சிவப்பையும் பார்க்கும் தட்டுகள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன.

இன்னொரு வேடிக்கை உண்டு. சில ஜெலட்டின் கொஞ்ச வெளிச்சத்திலேயே படம் பதியும் வேகமான தட்டுகளைத் தந்தது, சில சோம்பேறித் தட்டுகளை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. 1925-இல் கோடாக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் கண்டுபிடித்தார்: கடுகு எண்ணெயில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மங்கள் ஜெலட்டினில் துளியூண்டு இருந்தால், எலக்ட்ரான் சிக்கும் இடங்கள் உருவாகின்றன. ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருகிறது. அந்த மாடு கடுகுச் செடியை மேய்ந்ததா என்பது வரை விஷயம் போயிற்று. எலக்ட்ரான் கதையை ரொனால்ட் கர்னி, நெவில் மாட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் முழுசாகச் சொன்னது 1938-இல். 'வேலை செய்கிற பொருளுக்கு ஆராய்ச்சி எதற்கு' என்று நிதிக் கோப்பை மூடி வைக்கும் அதிகாரிகளுக்கு இந்தக் கதையை அனுப்பலாம். படித்துப் பார்ப்பார்களா என்பது வேறு விஷயம்.

அப்புறம், இதை வீட்டிலேயே சோதிக்கலாம். செல்ஃபோனில் எடுத்த படத்தை எடிட்டிங் செயலியில் திறந்து, சிவப்பு, பச்சை அளவுகளைப் பூஜ்யமாக்கி, மிச்சமுள்ள நீலத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நெற்றிச் சிவப்புப் பொட்டு கரும்புள்ளியாகும், முகத்தின் சின்ன மச்சங்கள்கூடத் துருத்தித் தெரியும். பழுப்புக் கண்மணி மட்டும் வெளிறாது, இன்னும் கறுத்துப்போகும்.